144க்குப் பிறகு 129

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். நான் களுவாஞ்சிக்குடி, வயது 25. மட்டக்களப்பில் நடக்கிற காதல் கதை, அதுவும் எங்கட வயதுக்காரரின் கதை என்றதால் புதிதாக வந்த ஒரு நாவலை 1,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அட்டையில் ‘நியூ அடல்ட் ரொமான்ஸ்’ என்று போட்டிருக்கிறது. ரீல்ஸில் எல்லாரும் அழுதோம், உருகினோம் என்கிறார்கள். எனக்குப் பாதிக்குப் பிறகு கொட்டாவிதான் வந்தது. பாசிக்குடா ஹோட்டல் அறைக் காட்சி ஒரு சொல்லும் மாறாமல் இரண்டு தடவை வருகிறது. ஃப்ளாஷ்பேக்காக்கும் என்று நினைத்தேன். அவள் வேண்டாம் என்ற பிறகும் கையைப் பிடித்து இழுத்தவன் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அடுத்த பக்கத்தில் இரண்டு பேரும் சமாதானமாகத் தேத்தண்ணி குடிக்கிறார்கள். கலியாணத்தை அவன் ஏன் இழுத்தடிக்கிறான் என்பதும் கடைசிவரை விளங்கவில்லை. பிறகு ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு ஐம்பது பக்கம் பேசாமல் இருக்கிறார்கள். என்னுடைய ரசனையில் பிழையா, புத்தகத்தில் பிழையா? எழுதியவர் நம்மூர்ப் பிள்ளை. சொன்னால் மனம் நோகுமோ? அடுத்த தடவை காசை வீணாக்காமல் எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் புத்தகத்தை எடுத்து 144ஆம் பக்கத்தைத் திருப்புங்கள். அதற்கு அடுத்த பக்கத்தில் என்ன எண் இருக்கிறது? 129 என்று இருந்தால், உங்கள் முறைப்பாட்டில் ஏறக்குறையப் பாதி எழுதியவர்மேல் விழ வேண்டியதே இல்லை. புத்தகம் கட்டிய இடத்துக்குப் போக வேண்டியது.

அச்சகத்தில் ஒரு பெரிய தாளின் இரு புறமும் எட்டெட்டுப் பக்கமாக அடித்து, மூன்று தடவை மடித்தால் 16 பக்கம் வரும். அதை ஒரு பாரம் என்பார்கள். இந்த நாவல் 256 பக்கம், அதாவது 16 பாரம். 129 முதல் 144 வரை ஒன்பதாம் பாரம், 145 முதல் 160 வரை பத்தாம் பாரம். பாரங்களை அடுக்குகிறவரின் கை ஒன்பதாம் கட்டிலிருந்து இரண்டை எடுத்துப் பத்தாவதை விட்டிருக்கிறது. இரண்டும் ஒரே பருமன் என்பதால் முதுகு ஒட்டும்போதும் ஓரம் வெட்டும்போதும் யார் கண்ணிலும் படாது. புத்தகத்தின் தடிப்பும் மாறாது, நிறையும் மாறாது. ஆகவே நீங்கள் படித்த வரிசை 144, மறுபடி 129 முதல் 144, பிறகு ஒரே தாவலில் 161. பாசிக்குடாக் காட்சி எழுத்துக்கு எழுத்து இரண்டு தடவை வந்தது இதனால்தான். எந்த எழுத்தாளரும் ஃப்ளாஷ்பேக்கை அப்படி எழுத மாட்டார், எவ்வளவு சோம்பல்காரராக இருந்தாலும்.

உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகு முழுப் பிரதி ஒன்றை வாசித்துத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் தவறவிட்ட அந்த 16 பக்கத்தில் இரண்டு காரியம் நடக்கிறது. 147இல், பஸ்ஸில் திரும்பி வரும் வழியில் அவன் மன்னிப்புக் கேட்கிறான். சுமாரான மன்னிப்புத்தான். ஆனால் அவள் அதை உடனே ஏற்காமல், செங்கலடி தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருகிறாள். அது நல்ல இடம். 152இல் அவன் மண்டூருக்கு, தாய் வீட்டுக்குப் போகிறான். தாய் கலியாணப் பேச்சே எடுக்கவில்லை. வளவுக்குள் பாதியில் நிற்கும் கட்டடத்தைக் காட்டி, “தங்கச்சிட வீடு லிண்டலோட நிக்கிது மகன்” என்கிறார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. கம்பிகள் துருப்பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, கோழி ஒன்று இன்னும் இல்லாத அறைக்குள் போய் வருகிறது. அவன் பொக்கற்றிலிருந்த காசைத் தாயின் கையில் வைத்துவிட்டு, குருமண்வெளிப் பக்கம் போகும் பாதையில், அதாவது மிதவைப் படகில் ஏறி, வாவியின் நடுவில் அவளுக்கு ஒரு மெசேஜ் அடித்து, அனுப்பாமல் அழிக்கிறான்.

இந்த நாவலில் நாவல் இருப்பது அந்த ஏழெட்டுப் பக்கத்தில்தான். உங்கள் கைக்கு வராமல் போனதும் அதுதான் என்பது பெரிய அநியாயம்.

அவன் ஏன் இழுத்தடிக்கிறான் என்பது உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். நம்மட பகுதியில் வீடு பெண் பிள்ளைக்கு, கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டோடு. தகப்பனால் கட்ட முடியாவிட்டால் அண்ணன்மார் கட்டார், டுபாய் என்று போயாவது தங்கச்சிக்குக் கூரை போடுகிறார்கள். தங்கச்சியின் வீடு லிண்டலோடு நிற்கும்போது அண்ணன் தன் கலியாணத்துக்கு நாள் பார்த்தால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இதைத்தான் நாங்கள் தடை என்கிறோம். காதல் கதையில் யார் நல்லவர், யார் அழகு, எத்தனை முத்தம் என்பதெல்லாம் பிறகு. இந்த இருவரும் ஏன் இன்றைக்கே சேர முடியாது என்ற கேள்விக்கு உண்மையான பதில் இருக்க வேண்டும். அதிலும் அந்தப் பதிலில் இரு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும். அவன் காத்திரு என்றாலும் சரி, அவள் எவ்வளவு காலம் என்று கேட்டாலும் சரி. அப்படி ஒரு தடை இருந்தால் இரண்டு பேர் பேசாமல் தேத்தண்ணி குடிப்பதைக்கூட வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பார்.

இனி உங்கள் முறைப்பாட்டின் மற்றப் பாதிக்கு வருகிறேன். அதில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி.

160இல் கையில் கிடைத்த தடையை 161இலிருந்து எழுத்தாளர் மறந்துவிடுகிறார். அந்த வீடு கதையில் மறுபடி வரவில்லை, தங்கச்சியும் வரவில்லை, காசு எங்கிருந்து வரும் என்ற பேச்சே இல்லை. 191இல் யாரோ அனுப்பிய போட்டோ ஒன்று வருகிறது. அவன் இன்னொரு பெண்ணோடு நிற்கிறான். அவள் நம்பரை புளொக் பண்ணுகிறாள். 247இல் அந்தப் பெண் ஒன்றுவிட்ட அக்கா என்று தெரிகிறது. இடையில் 56 பக்கம். காதல் நாவலை எடைபோட நான் முதலில் வைத்துப் பார்க்கும் அளவுகோல் மிகவும் மலிவானது: ஒரு போன் கோல் போதுமா? ஒரே ஒரு கோலில், “ஆரது?” என்ற ஒற்றைக் கேள்வியில் பிரிவு முடிந்துவிடும் என்றால் அது தடை இல்லை, பக்கம் நிரப்பும் வேலை. லிண்டலோடு நிற்கும் வீட்டை எத்தனை கோல் எடுத்தும் கூரைக்குக் கொண்டுபோக முடியாது.

ஊடல் தமிழுக்குப் புதிது இல்லையே, அது நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். நல்லதுதான். திருக்குறளின் காமத்துப்பாலில் 25 அதிகாரம். அதில் களவுக்கு 7, கற்புக்கு 18. கண்டதும் கவிழ்ந்ததும் 70 குறளில் முடிந்துவிடுகின்றன. பிரிவு, காத்திருப்பு, ஊடல், கூடல் எல்லாம் சேர்ந்து 180 குறள். கடைசி அதிகாரமே ஊடலுவகை. ஆனால் புலவி அதிகாரத்தில் அளவும் சொல்லியிருக்கிறது: ஊடல் உப்பு மாதிரி, நீட்டினால் உப்புக் கூடிப்போன கறி. இன்னொன்றும் கவனியுங்கள். அங்கே ஊடுகிறவளுக்கு அவன் தன்னுடையவன் என்பதில் ஐயம் இல்லை. உரிமை இருப்பதால்தான் முகத்தைத் திருப்புகிறாள். இந்த நாவலில் இருப்பது ஊடலே இல்லை, விசாரிக்காத சந்தேகம். 23 வயதில் வந்தாறுமூலை கெம்பஸில் (கிழக்குப் பல்கலைக்கழகம்) படித்து முடித்த பிள்ளை, வேறு எதற்கும் யாரிடமும் கேள்வி கேட்கத் தயங்காதவள், இதற்கு மட்டும் வாயைத் திறக்காமல் இருக்கிறாள். 190 பக்கமாக எழுத்தாளரே கட்டிய ஆளை அவரே உடைக்கிறார். கொட்டாவி வந்தது அங்கேதான்.

பக்கக் கணக்கையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம், அடுத்த புத்தகத்துக்கும் உதவும். 256 பக்கக் காதல் நாவலில் முதல் 25 பக்கத்துக்குள் இருவரும் சந்திக்க வேண்டும். 64க்குள், அதாவது கால்வாசிக்குள், ஏன் சேர முடியாது என்பது தெரிய வேண்டும். நடுப்பகுதியில், 128ஐ ஒட்டி, திரும்பிப் போக முடியாதபடி ஏதாவது நடக்கும், முத்தமோ சொல்லோ வாக்கோ. 190ஐ ஒட்டிப் பெரிய பிரிவு. கடைசி 25இல் சேர்க்கை. இது சட்டம் இல்லை, ஆனால் வாசகரின் பொறுமை ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது. இந்த நாவலில் சந்திப்பு 9இல், நடுக்காட்சி 129இல், பிரிவு 191இல். மற்றதெல்லாம் இடத்துக்கு இடம் பொருந்துகிறது. தடை மட்டும் 152இல் வருகிறது, 64க்குள் வந்திருக்க வேண்டியது. எலும்புக்கூடு சரி, இருதயம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது.

பாசிக்குடாக் காட்சிக்கு வருவோம். மன்னிப்பு 147இல் இருக்கிறது என்பதால் 133இல் அவன் கையைப் பிடித்து இழுத்தது சரியாகிவிடாது. அவள் “இப்ப வேணாம்” என்கிறாள், எழுத்தாளர் அதை ‘நாணம்’ என்று எழுதுகிறார். பிரச்சினை அந்த ஒரு சொல்லில்தான். அவன் பிழை விடலாம், கதாபாத்திரம் பிழை விடாவிட்டால் கதை ஏது? ஆனால் கதை சொல்லும் குரலும் சேர்ந்து அவனுக்கு வக்காலத்து வாங்கினால், பிறகு அவன் கேட்கும் மன்னிப்பு எதற்கு என்று வாசகருக்குக் குழப்பம். இந்த ‘ஆன்டி ஹீரோ’ வழக்கம் தொடர்கதைகளில் வேரோடிப் போன ஒன்று. மணிக்கட்டைப் பிடித்துத் திருகினால் ஆண்மை, அறைந்தால் அக்கறை. உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்றால் ரசனையில் ஒரு குறையும் இல்லை.

நெருக்கமான காட்சி நல்லதா என்று பார்க்க இன்னொரு வழி: அதை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு அடுத்த அத்தியாயத்தைப் படிப்பது. ஒன்றும் குறையவில்லை என்றால் அது ஒட்டவைத்த காட்சி. விறைப்பானவள் அங்கே சிரிக்கப் பழகினாளா, வாயாடி அங்கே மௌனமானானா, ஏதாவது ஒரு சங்கதி மாற வேண்டும். இந்தக் காட்சியில் மாறுவது விளக்கு மட்டும், அணைந்துவிடுகிறது. சொற்களும் களைத்துப்போய்க் கிடக்கின்றன. அந்த ஓர் அத்தியாயத்தில் ‘துடித்தது’ 11 தடவை: இதழ், இமை, விரல், நரம்பு, நெஞ்சு என்று ஒவ்வொன்றாக. இவ்வளவு துடித்தால் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

‘நியூ அடல்ட்’ என்பதில்தான் உங்களுக்கும் ரீல்ஸ்காரருக்கும் கணக்கு மாறியிருக்கிறது. 2009இல் சென் மார்ட்டின்ஸ் பிரஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் நடத்திய போட்டி ஒன்றில் இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. பதின்ம வயதுக் கதைக்கும் பெரியவர்களின் கதைக்கும் நடுவில் இருப்பவர்களுக்கானது, கதைமாந்தர் பெரும்பாலும் 18 முதல் 25 வயதுவரை. கெம்பஸ், முதல் வேலை, வீட்டை விட்டு வெளியே முதல் வாடகை அறை, முதல் தடவையாகச் சொந்தக் காசில் எடுக்கும் முடிவு, இவைதான் அதன் சரக்கு. படுக்கையறைக் காட்சி எவ்வளவு இருக்கும் என்பதற்கு அந்தப் பெயர் உத்தரவாதம் தராது. கதவைத் திறந்து வைத்து எழுதுபவரும் உண்டு, கதவைச் சாத்திவிட்டு அடுத்த நாள் காலைக்குப் போகிறவரும் உண்டு. நம்மட பக்கத்தில் ‘அடல்ட்’ என்ற சொல்லைக் கண்டதும் சினிமாவின் ஏ சான்றிதழ்தான் ஞாபகம் வருகிறது. அதனால் பாதிப் பேர் சூட்டுக்காக வாங்குகிறார்கள், நீங்கள் வயதுக்காக வாங்கியிருக்கிறீர்கள். வயது சம்பந்தமான சரக்கு, வேலை, காசு, கடன், வீடு, எல்லாம் அந்தப் பத்தாம் பாரத்துக்குள் அடங்கிவிட்டதால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மட்டக்களப்புக் கதை என்றார்களே, அதைப் பற்றி நீங்கள் கடிதத்தில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உங்களை அறியாமலே அதுவும் உறுத்தியிருக்கும். 52இல் கல்லடிக் கடற்கரையில் சூரியன் கடலுக்குள் இறங்க, அவன் காதலைச் சொல்கிறான். எங்கட கடலில் சூரியன் எழும்பும், இறங்காது. அந்தப் பையன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாவிப் பக்கம் நின்றிருந்தால் அத்தனையும் சரியாக அமைந்திருக்கும், கல்லடி இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற மண்தானே. 97இல் ஆடி மாதத்து அடைமழையில் இருவரும் நனைகிறார்கள். ஆடியில் கச்சான் காற்று உதட்டை வெடிக்க வைக்கும் நேரம். நனைய வேண்டும் என்றால் மார்கழி வரை பொறுத்திருக்கலாம். அவள் ‘காலேஜுக்கு’ப் போகிறாள். வந்தாறுமூலையில் படிக்கிற எந்தப் பிள்ளை கெம்பஸைக் காலேஜ் என்கிறது? இங்கே காலேஜ் என்றால் பள்ளிக்கூடம். கடைசி அத்தியாயத்தில் மண்டூர் மாமியார் வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்துப் போகிறாள். போக வேண்டியவன் அவன்! தாயிடமும் தங்கச்சியிடமும் விடைபெற்று, ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து, மாமி சோறு போடும்போது கூச்சத்தில் இன்னும் கொஞ்சம் என்று கேட்காமல் பசியோடு எழும்புகிற புது மாப்பிள்ளை. அதை எழுதியிருந்தால் நான் சிரித்திருப்பேன், நீங்களும்.

இந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று ஊகிக்கலாம். அத்தியாயத் தொடக்கங்களைப் பாருங்கள். மொத்தம் 31 அத்தியாயத்தில் 22 முந்தைய அத்தியாயத்தின் கடைசி வரிகளை வேறு சொல்லில் திரும்பச் சொல்லித்தான் தொடங்குகின்றன. ஏறக்குறைய எல்லாமே ஓர் அதிர்ச்சியோடு முடிகின்றன. இது ஆன்லைனில் கிழமைக்கு இரண்டு ‘யூடி’யாக (அப்டேட், அதாவது புதுப் பகுதி) வந்த கதையின் அச்சு. மூன்று நாள் கழித்து வருகிற வாசகருக்கு நினைவூட்டல் வேண்டும். அச்சில் ஒரே இருப்பில் படிப்பவருக்கு அது அரைத்த மாவு. தொடர்கதைத் தளங்களில் வாசகர் அதிகம் தமிழ்நாட்டில். கருத்துப் பெட்டியில் அவர்கள் கேட்பதற்கேற்பக் கதையும் அந்தப் பக்கமே வளையும். தங்கச்சியின் வீட்டுக் கதைக்கு அங்கே லைக் விழாமல் போட்டோ கதைக்கு விழுந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். புத்தகமாக்கும்போது இதையெல்லாம் வெட்டிச் செம்மையாக்க ஓர் ஆள் வேண்டும். நம்மட தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் சில நூறு பிரதிகள்தான், பல எழுத்தாளர்கள் கைக்காசைப் போட்டே அடிக்கிறார்கள். அந்தச் செலவில் முதலில் வெட்டுப்படுவது செம்மையாக்கம். அட்டை மட்டும் பளபளவென்று வரும்.

அடுத்த புத்தகத்தைக் கடையில் நின்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பின்னட்டையில் ஏன் சேர முடியாது என்பதற்கு ஏதாவது தடயம் இருக்கிறதா பாருங்கள். ‘விதி விளையாடியது’ என்றால் எழுத்தாளருக்கே தெரியாது என்று அர்த்தம். உரிமைப் பக்கத்தில் செம்மையாக்கம், மெய்ப்பு என்று யாருடைய பெயராவது இருந்தால் நல்ல அறிகுறி. ஐஎஸ்பிஎன் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கினால் இலங்கைப் பதிப்பு, 978-81 அல்லது 978-93 என்றால் இந்தியப் பதிப்பு. எது உசத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, எந்த ஊர் வாசகரை மனதில் வைத்து அச்சடித்தது என்று ஒரு குறிப்புக் கிடைக்கும். பேச்சு அதிகமுள்ள ஒரு பக்கத்தில் பெயர்களை விரலால் மறைத்துவிட்டு யார் பேசுகிறார்கள் என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். கடைசியாக, முக்கால் பங்கைக் கணக்குப் பண்ணித் திறந்து இரண்டு பக்கம் வாசியுங்கள். பிரிவு எதனால் என்று அங்கே தெரிந்துவிடும். கதை உடைந்துபோகுமே என்று பயப்படாதீர்கள், காதல் நாவலில் சேர்வார்கள் என்பது வாங்கும்போதே தெரிந்ததுதான். எப்படி என்பதற்குத்தான் காசு.

கிண்டிலில் மாதிரி படித்துவிட்டு வாங்குகிறவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். மாதிரியாகக் கிடைப்பது தொடக்கத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அது சந்திப்புப் பகுதி, அதை எல்லாரும் நன்றாகத்தான் எழுதுவார்கள். ரீல்ஸில் அழுகிறவர்களையும் நம்ப வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் எந்தப் பக்கத்தில் அழுதார்கள் என்று கேளுங்கள். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரக்காரர் சொல்வதைப் படியுங்கள், காரணம் சொல்லும் பொறுமை அவர்களுக்குத்தான் இருக்கும். வாங்க மனமில்லாவிட்டால் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பொது நூலகங்கள் இருக்கின்றன. வாங்கிய பிறகும் கால்வாசிவரை தடை தலைகாட்டவில்லை என்றால் மூடி வைத்துவிடலாம், யாரும் பரீட்சை வைக்கப்போவதில்லை.

எழுதியவரிடம் சொல்லுங்கள். கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் ஊரறிய ஸ்டேட்டஸ் போட்டு டேக் பண்ண வேண்டாம், வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தியவர்கள் எல்லாரும் சண்டைக்கு வருவார்கள், அவரும் உங்கள் பேச்சை விட்டுவிட்டு அவர்கள் பேச்சைக் கேட்பார். தனியாக ஒரு கடிதம் அல்லது மெசேஜ், அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். முழுப் பிரதி கையில் கிடைத்து, விடுபட்ட பாரத்தையும் படித்த பிறகு எழுதுங்கள். ‘பிடிக்கவில்லை’ என்ற சொல்லால் அவர் ஒன்றும் செய்ய முடியாது, பக்க எண்ணால் செய்ய முடியும். இப்படித் தொடங்கலாம்: “அக்கா, 152ஆம் பக்கத்தில் தாய் வீட்டைக் காட்டுகிற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். அந்த வீடு பிறகு என்ன ஆனது என்று கடைசிவரை தேடினேன், கிடைக்கவில்லை.” இந்த இரண்டு வரியில் பாராட்டும் இருக்கிறது, முறைப்பாடும் இருக்கிறது. 133இல் உங்களுக்கு எது உறுத்தியது என்பதைத் தனியாக ஒரு வரியில் எழுதுங்கள், மற்றதோடு கலக்க வேண்டாம். 52, 97, கடைசி அத்தியாயம் மூன்றையும் ஒரு சின்னக் குறிப்பாகக் கீழே போடுங்கள், இரண்டாம் பதிப்பு வந்தால் திருத்தலாம். பாரம் மாறியதையும் தெரிவியுங்கள். அவருக்கு அது தெரியாமலே இருக்கலாம். இதே குழப்பத்தோடு இன்னும் எத்தனை பேர் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்களோ.

பிரதியை மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம். பற்றுச்சீட்டோடு வாங்கிய கடைக்குக் கொண்டுபோங்கள், தொலைந்திருந்தால் 144–129 விரிந்திருக்கும் பக்கத்தைப் படமெடுத்துப் பதிப்பாளருக்கு அனுப்புங்கள். நீங்கள் வாசித்து முடித்துவிட்டீர்கள், ஓரம் மடித்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் காரணமாகாது, பாரம் மாறியது அச்சுப் பிழை. பொதுவாக மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். முடியவே முடியாது என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, ஆனால் ஒரு நாவலுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டி வராது. ஒன்றே ஒன்று: ஒரு தடவை கை தவறினால் அந்த வரிசையில் அடுத்தடுத்து நாலைந்து பிரதிகள் அப்படி வந்திருக்கலாம். கடைக்காரர் எடுத்துத் தரும் புதிய பிரதியில் 144–145, 160–161 இரண்டு இடத்தையும் அங்கேயே விரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.